வைஸும் தூளியும்

"பீஸு ஒரு பக்கம் இறங்கிப் போகுதுங்க மேஸ்திரி," என்றாள் தெய்வானை.

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நீட்டிய பித்தளைத் துண்டை வாங்கிப் பார்த்தாள். தீப்பெட்டி நீளம்தான் இருக்கும். மாவாட்டும் கிரைண்டரின் மூடிக்குப் போடுகிற தாழ்ப்பாள். ஒரு முனை தடித்தும் இன்னொரு முனை மெலிந்தும் இருந்தது.

"குழந்தை எங்கக்கா?" என்றாள்.

தெய்வானைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துண்டைப் பற்றிக் கேட்டால் குழந்தையைப் பற்றிக் கேட்கிறாளே.

"தூளில தூங்குதுங்க."

"தூளி எங்க?"

"மெஷினுக்குப் பக்கத்துலதானுங்க. பார்த்துக்கிட்டே வேலை செய்யலாமுன்னு."

மேஸ்திரி மிச்ச டீயைக் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேஸ்திரி என்றதும் மீசை வைத்த ஆளை நினைத்துவிடக் கூடாது. பூவாத்தாள் என்று பேர். தெய்வானையைவிட வயதில் இளையவள். கோயமுத்தூரில் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தச் சந்தில், வேலை தெரிந்த ஆம்பளைகளே அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள். சின்னப் பொண்ணுகிட்டப் போயி குருகுலவாசம் பண்றயா என்று தெய்வானையைச் சந்தே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுடைய கவலை வேறு.

அன்றைக்குப் பொழுது சாய ராக்கியண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். கிரைண்டர் செய்கிறவர். மாதிரித் துண்டு சரியாக இருந்தால் வேலை அவள் வீட்டுக்கே வரும். சரியில்லை என்றால் அவள் மறுபடியும் கம்பெனி ஷிப்டுக்குப் போகவேண்டியதுதான். குழந்தை காங்கேயத்தில் மாமியாரிடம் போய்விடும்.

மாமியார் தங்கமானவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. தெய்வானையும் மறக்கவில்லை.

*

வீட்டு முன்னறைதான் பட்டறை. நடுவில் சின்ன மில்லிங் மெஷின். சுழலுகிற கட்டர் மேலே. துண்டைக் கட்டருக்கு அடியில் கொண்டுபோகிற மேடை கீழே. அந்த மேடைமேல் உட்கார்ந்திருந்தது வைஸ், துண்டை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி.

உட்கார்ந்திருந்தது என்றா சொல்வது. ஆட்டுக்குட்டிமேல் எருமை ஏறி நின்ற மாதிரி இருந்தது. மேடைக்கு முன்னாலும் பிதுங்கி, பின்னாலும் பிதுங்கி.

தெய்வானையின் வீட்டுக்காரன் சென்னியப்பன் காயலான்கடையில் கண்டு, ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது. வந்த அன்றைக்கே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டான். வருகிறவர்கள் எல்லாம் மெஷினைப் பார்க்கமாட்டார்கள், வைஸைத்தான் பார்ப்பார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பாரம் என்றாலே மரியாதை.

"வாங்க மேஸ்திரி. இத்தனாம் பெருசு இந்தச் சந்துல யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா?" என்றான்.

மேஸ்திரி இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் தெய்வானையைப் பார்த்துச் சிரித்தான், பார்த்தியா என்பது போல.

மேஸ்திரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேடையை அடியிலிருந்து பார்த்தாள். பிறகு எழுந்து, மேடையைப் பின்னால் தள்ளும் கைப்பிடியைச் சுற்றினாள். கொஞ்சம் போனது. அப்புறம் வைஸின் பின்புறம் மெஷினின் தூணில் போய் 'ணங்' என்று இடித்து நின்றது.

"துண்ட எங்க பிடிக்கறீங்கக்கா?"

தெய்வானை வைஸின் தாடையில் பின்கோடியைக் காட்டினாள். நடுவில் பிடித்தால் கட்டர் அங்கே வந்து சேராது, மேடை அதற்குமேல் பின்னால் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் கோடியில் பிடிக்கிறேன் என்றாள். சொல்லும்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை அவளுக்கு. இருக்கிற இடத்தில் சமாளிக்கிறோம் என்ற கெட்டிக்காரத்தனம்தான் தெரிந்தது.

"எதுக்கு இவ்வளவு பெருசு?"

சென்னியப்பன் முந்திக்கொண்டான். "நாளைக்குப் பெரிய வேலை வந்துச்சுன்னா?"

மேஸ்திரி திரும்பினாள். தூளிக்குப் போனாள். சேலையை விலக்கிக் குழந்தையை அப்படியே வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தெய்வானைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு ஆனதிலிருந்து ஆட்டி ஆட்டி இப்போதுதான் கண் அசந்தது. எழுந்தால் இனி வேலை ஓடினமாதிரிதான். மேஸ்திரியாக இருந்தால் என்ன, பிள்ளை பெற்றிருந்தால் அல்லவா தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேஸ்திரி தெய்வானையின் தோளைப் பிடித்து நகர்த்தி மெஷினுக்கு அந்தப் பக்கமாக நிறுத்தினாள். சென்னியப்பனை அவளுக்குப் பின்னால் போகச் சொன்னாள். தான் குழந்தையோடு வாசற்படி தாண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க," என்று அங்கிருந்து குரல் வந்தது.

தெய்வானை புதுத் துண்டை எடுத்துத் தாடையின் கோடியில் வைத்து முறுக்கினாள். எப்பவும் போலத்தான், தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு துண்டின் ஒரு முனையை மட்டும் கவ்வியது. மெஷினைப் போட்டாள். கட்டர் சுழன்றது. பித்தளையைத் தொட்டது. மஞ்சள் பொடி பூவாக விழுந்தது.

கொஞ்ச தூரம் போனது.

'டக்.'

துண்டு வைஸில் இல்லை.

எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். மெஷினுக்கு அடியில் பார்த்தாள். சென்னியப்பனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவன் பார்த்த பக்கம் திரும்பினாள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் ஆட்டவில்லை.

*

சேலையில் ஒரு கிழிசல். விரல் நுழைகிற அளவு.

தெய்வானை தூளிக்குள் கையை விட்டாள். உள்ளே மடித்துப் போட்ட பழைய துணியில் குழந்தையின் தலை அழுத்திய குழி இன்னும் அப்படியே இருந்தது. குழிக்குள் துண்டு கிடந்தது.

சூடாக இருந்தது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சுடுகிறது என்று கையை உதறவும் தோன்றவில்லை. காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தின பிறகும். ஏதோ நனைகிற மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், ரவிக்கை முன்பக்கம் பாலில் ஊறிப்போயிருந்தது.

வாசலில் குழந்தை விழித்துக்கொண்டு மேஸ்திரியின் தோடைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு வேறு எந்த வீட்டிலிருந்தோ கேட்டது.

சென்னியப்பன் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

துண்டை நீட்டியபடி வாசலுக்கு வந்தாள்.

"தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னீங்களா?"

"நான் வராம இருந்தா ஓட்டியிருக்க மாட்டீங்களா?" என்றாள் மேஸ்திரி.

தெய்வானை அதைக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கிக்கொண்டே போனது, அடி தெரியாத கிணற்றில் கல் போட்ட மாதிரி.

ஓட்டியிருப்பாள். பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியிருப்பாள்.

காலையிலும் ஓட்டினாளே. நேற்றும்தானே ஓட்டினாள். குழந்தை தூளிக்குள் இருந்ததே.

அவள் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். இனி இதைத் தொடமாட்டேன் என்றாள். கம்பெனிக்கே போகிறேன், குழந்தை காங்கேயத்துக்கே போகட்டும், உயிரோடாவது இருக்கட்டும் என்றாள். சென்னியப்பன் எழுந்து வந்து வேட்டி முனையால் வைஸின் சந்தனப் பொட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தான். அது போகாமல் ஈஷிக்கொண்டது.

"தூளித் துணிய அவுத்து எடுத்துக்கிட்டு வாங்கக்கா," என்றாள் மேஸ்திரி.

சொல்லிவிட்டுக் குழந்தையோடு நடந்துவிட்டாள்.

பிள்ளை அவள் தோளில் போகிறது. பின்னால் போகாமல் என்ன செய்வது.

*

மேஸ்திரியின் பட்டறையில் மர அலமாரி ஒன்று இருந்தது. அதன் கீழ்த்தட்டில் வைஸ்கள் வரிசையாக, பெரியதும் நடுத்தரமும் சின்னதுமாக. எல்லாம் எண்ணெய் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

"உங்க மெஷினுக்கு ஒண்ணு எடுங்க."

வேண்டாமென்று சொல்லத்தான் வந்தாள். ஆனாலும் கை போனது. வரிசையின் கடைசியில் இருந்த ஆகச் சின்னதை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. தட்டான் கடையில் மோதிரம் பிடிக்கிற சாமான் மாதிரி இருந்தது. இதிலிருந்து எது பறந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றியது அவளுக்கு.

மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. தாழ்ப்பாள் துண்டு ஒன்றை அதில் வைத்து, எவ்வளவு முறுக்க முடியுமோ அவ்வளவு முறுக்கினாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து, அதன் பிஞ்சு விரலால் துண்டை ஒரு தள்ளுத் தள்ளவைத்தாள்.

துண்டு சாய்ந்தது. குழந்தைக்கு ஒரே குஷி.

"அந்தப் பெரிய வைஸு உங்க வீட்டு அண்ணனோட ஆசையோட அளவு," என்றாள். "இது உங்க பயத்தோட அளவு."

தெய்வானைக்கு அழுகை வந்தது. "அப்ப சரியான அளவு எதுங்க? படிச்சவங்களுக்குன்னு ஏதோ கணக்கு இருக்குமுங்களே. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நீங்களே எடுத்துக் குடுத்துருங்க. கும்பிட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போறேன்."

மேஸ்திரி சின்ன வைஸை எடுத்து அதன் இடத்தில் திருப்பி வைத்தாள். பதில் சொல்லமாட்டாள் என்றுதான் தெரியுமே.

குழந்தை கண்ணைக் கசக்கியது. பாதித் தூக்கத்தில் எழுப்பினது. சிணுங்க ஆரம்பித்து, அடுத்த மூச்சில் வீறிட்டது.

"தூளி கட்டுங்க. உத்தரம் அங்க இருக்குது."

பின்கட்டு அறையில் மேலே ஒரு உத்தரம் ஓடியது. மெஷின் எதுவும் இல்லாத அறை. தெய்வானை சேலையை உதறினாள். கிழிசல் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பல்லால் கடித்து, கிழிசல் இருந்த பக்கத்தைத் தனியாகக் கிழித்துப் போட்டாள்.

மிச்சத்தை இரண்டாக மடித்து உத்தரத்தின் மேலே எறிந்து இழுத்தாள். முடிச்சுப் போட்டாள். கையை உள்ளே விட்டு, உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து ஒரு தொங்குத் தொங்கினாள். துணி இறங்கிக் கொடுத்தது. அவிழ்த்து ஒரு பிடி மேலே ஏற்றினாள். வெறும் தூளியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்தாள். சுவரில் இடித்தது. முடிச்சை உத்தரத்தோடு நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி தள்ளினாள். அந்தச் சுவரையும் தொடவில்லை, இந்தச் சுவரையும் தொடவில்லை. நனைந்த ரவிக்கையோடுதான் எல்லாம் செய்தாள்.

குழந்தையை வாங்கிப் பால் கொடுத்துவிட்டுப் படுக்கவைத்தாள். தூளி அதை நாலு பக்கமும் அணைத்துக்கொண்டது. நெரிக்கவும் இல்லை, உருளவும் விடவில்லை.

சத்தம் அடங்கியது.

மேஸ்திரி நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுச் சேலையையும் ஏனுங்கக்கா விரிச்சுக் கட்டல?"

தெய்வானைக்கு எரிச்சலாக வந்தது. இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா.

"முழுசும் விரிச்சா தரையில கெடக்குமுங்க."

"நாளைக்கு வளந்து பெரியாளாயிட்டா?"

"வளந்தா தூளி எதுக்குங்க? இன்னைக்குப் பிள்ளை இவ்வளவு. உத்தரம் அவ்வளவு உசரம். ஆடறதுக்கு எடம் இவ்வளவு. இதுக்குள்ளதான்..."

தூளியை ஆட்டின கை நின்றுவிட்டது.

மேஸ்திரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தெருவில் எதையோ பார்ப்பவள் போல.

தெய்வானை தூளியை விட்டுவிட்டு அலமாரி இருந்த முன்னறைக்கு வந்தாள். கீழ்த்தட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தன் மெஷினின் மேடையைத் தினமும் துடைக்கிற கை. அதன் அகலம் கைக்கே தெரியும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்து, அதை அப்படியே கொண்டுபோய் ஒவ்வொரு வைஸின்மேலும் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு வெளியே நீட்டினவற்றைத் தள்ளினாள். மீதியில் தாழ்ப்பாள் துண்டைப் போட்டுப் பார்த்தாள். தாடையின் நடுவில் துண்டு முழுசாக உட்காருகிறதா, அதற்குமேல் கட்டர் இறங்கக் காற்று இருக்கிறதா என்று கையாலேயே காட்டிப் பார்த்தாள்.

ஒன்றை எடுத்தாள். நடுவில் இருந்தது அல்ல, அதற்குப் பக்கத்தில் இருந்தது.

இது சரியா என்று கேட்கவில்லை. மேஸ்திரியும் சொல்லவில்லை.

*

பொழுது சாய ராக்கியண்ணன் வந்தபோது முன்னறை விசாலமாகிவிட்ட மாதிரி இருந்தது. பெரிய வைஸ் திரும்பவும் லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தது, மேடைமேல் அவள் எடுத்துவந்த வைஸ் இருந்தது. தூளி உள்ளறைக்குப் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டி, அதை ஆட்ட ஒரு கயிற்றை மட்டும் கதவு வழியாக மெஷினுக்குப் பின்னால் வரை கொண்டுவந்திருந்தாள் தெய்வானை. மெஷின் நிற்கிறபோது ஒரு இழுப்பு, ஓடுகிறபோது கை அதில் இல்லை.

ராக்கியண்ணன் புது வைஸில் பிடித்துச் செய்த துண்டை வாங்கி இரண்டு முனையையும் அளந்தார். திருப்பி அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை அளந்தார்.

சென்னியப்பன் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். தெய்வானை அளவைப் பார்க்கவே இல்லை. கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவளால் அங்கே பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தாழ்ப்பாள் வேலை உங்களுக்குத்தான், நாளைக்கே பித்தளை இறக்கிவிடுகிறேன் என்றார் ராக்கியண்ணன். சென்னியப்பன் கும்பிட்டான், அவரையா மெஷினையா என்று தெரியவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் மேஸ்திரியும் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

ராக்கியண்ணன் கிளம்ப எழுந்தவர் திரும்பினார். கை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று மெச்சினார். கிரைண்டரின் அடித்தட்டு வேலையும் இருக்கிறது, பரந்த சாமான், பெரிதாகப் பிடிக்கவேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறாயா அம்மணி என்று கேட்டார்.

பெரிய வேலை. அது வந்தேவிட்டது.

சென்னியப்பன் வாயைத் திறந்தான். வாசலில் நிற்கிற ஆட்டோவைப் பார்த்தான். அதன்மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

தெய்வானை மெஷினைப் பார்த்தாள். மேடையைத் தள்ளும் கைப்பிடியை மெல்லச் சுற்றினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எதிலும் இடிக்காமல் போய்த் திரும்பி வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் கயிறு அசைந்தது.

"முடியாதுங்கண்ணா, இந்த மெஷினு அதுக்குப் பத்தாதுங்க," என்றாள். "தூளி சுவத்துல இடிக்குமுங்க."